ஆட்டினால் சத்தம் வராத பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் மாரியம்மனிடம் சொல்வார்கள். அடுத்ததாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம். மூன்றாவதாக அவரிடம். முதல் இரண்டு பேரும் சரி என்றதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பந்தலில் மழை ஒழுகினாலும் மாப்பிள்ளையின் வேட்டி கிழிந்தாலும் எழுந்து ஓடி வந்தவர் மூன்றாமவர்தான்.

போன வருஷம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் என் நாத்தனார் பேத்திக்குக் கல்யாணம். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு தனக்குத் தானே பேசியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சட்டையின் முதுகில் ஈவன்ட் பிளேனர் என்று எழுதியிருந்தது. இடுப்பில் ஒரு குட்டிப் பை. "என்னா தம்பி அது?" என்று கேட்டேன். "எமர்ஜென்சி கிட், ஆன்ட்டி" என்று பெருமையாகத் திறந்து காட்டினான். நாலு ஊசி, ஒரு பசை டியூப், தலைவலி மாத்திரை ஒரு அட்டை, இரண்டு மிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பாவம், அவன்மேல் குற்றமில்லை. அவன் எங்கள் பெட்டிக்காரரைப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் எழுதி, சம்பளத்தன்று கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அவர் பெட்டிக்காரர். முகத்துக்கு நேரே மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் வேறு விதமாகவும் அதைச் சொல்வோம். நான் மட்டும் அண்ணே என்பேன். எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழே வேலை செய்த பழக்கம்.

அவர் ஸ்டோரில் பேக்கிங் காம்பரா ஆள். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை, காம்பரா என்றால் அறை. தூளைப் பலகைப் பெட்டியில் கொட்டி, மெஷினில் வைத்துக் குலுக்கி, அமுங்கிய இடத்தில் மறுபடி கொட்டி, மறுபடி குலுக்கி, ஈயத்தாளை மடித்து மூடி, விளிம்பில் தகரப் பட்டி வைத்து ஆணியடித்து, மேலே தோட்டத்தின் பெயரை மையால் குத்திக் கொழும்புக்கு அனுப்புவது அவர் தொழில். நான் பக்கத்துக் காம்பராவில் தூளில் கிடக்கும் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அவர் தும்மினால் என் பக்கத்துத் தூள் பறக்கும்.

குள்ளமான ஆள். எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுவிட்டுப் போன கோட்டைப் போட்டிருப்பார், அது முழங்கால் வரைக்கும் வரும். கண்ணிமை, மீசை, காதிலிருக்கும் மயிர் எல்லாம் தூள் படிந்து செம்பட்டையாக இருக்கும். குளித்தாலும் போகாது, குளிப்பதும் அபூர்வம். சிரிக்க மாட்டார். கல்யாண வீட்டில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்த ஓட்டையில் முதலில் ஒழுகும் என்று.

மூலை உடைந்து போன ஒரு தேயிலைப் பெட்டியை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி, உடைந்த இடத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாளைப் புதிதாக ஒட்டி, பழைய சைக்கிள் டியூபில் கைப்பிடி போட்டிருந்தார். எந்த மழையிலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அதுதான் அவருடைய கல்யாணப் பெட்டி, சடங்குப் பெட்டி, சாவுப் பெட்டி, திருவிழாப் பெட்டி எல்லாம். கோவில் தேருக்கும் அதே பெட்டி, சர்ச்சில் மாதா சுருவத்தைத் தோளில் தூக்கிச் சுற்றி வரும்போதும் அதே பெட்டி. மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் அதில் பாகுபாடு கிடையாது. இருவருக்கும் ஒரே தீப்பெட்டி.

ஒரு காரியத்துக்கு முதல் நாள், வேலை முடிந்து போகும்போது பெட்டியை என் பக்கம் தூக்கி வந்து வைப்பார். இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார்.

"சத்தம் வருதா தங்கச்சி?"

"வரலண்ணே."

"நல்லாக் கேளு. சத்தம் வந்தா உள்ள எடம் இருக்கு. எடம் இருந்தா இன்னொரு சாமான் போகும்."

எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். "லேசா வருதுண்ணே" என்று ஒரு நாள் விளையாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுவதையும் கீழே கொட்டித் திரும்ப அடுக்கினார். நானும் கூட உட்கார்ந்து அடுக்க வேண்டியதாயிற்று. தன் வினை தன்னைச் சுடும்.

அப்படிக் கொட்டியபோதுதான் உள்ளே இருந்ததை எல்லாம் பார்த்தேன். ஊசி, நூல், கற்பூரம், சூடத்தட்டு, இரண்டு வேட்டி, ஒரு சேலை, எந்த அளவுக்கும் பொருந்தும் என்று அவர் நம்பிய ஒரு ரவிக்கை, குழந்தைக்கு ஒரு சூப்பான், கிழவர்களுக்குப் பொடி டப்பா, லவுட்ஸ்பீக்கர் செட்டுக்கு வயர்த் துண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மானக்கேடு இருந்தது. மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு மஞ்சள் துண்டு தாளில் சுற்றி இருந்தது. அது உபரித் தாலி. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாலியைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி வைத்து, எங்கே வைத்தோம் என்பதே மறக்கும்படி குடித்துவிட்டார். கெட்டிமேளம் கொட்டுகிறவன் கை ஓய்ந்துபோகும் வரைக்கும் தேடினார்களாம். அன்றிலிருந்து உபரித் தாலி இல்லாமல் பெட்டி நகராது.

ஒரு போத்தலில் உப்பு இருந்தது, சோற்றுக்கு அல்ல. ஒரு மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தபோது வேட்டிக்குள்ளே அட்டை ஏறிவிட்டது. மழைக்காலத்தில் எங்கள் ஊர் அட்டைக்கு முகூர்த்தம் தெரியுமா, மாப்பிள்ளை தெரியுமா? ஐயர் மந்திரம் சொல்கிறார், மாப்பிள்ளை நெளிகிறான், பெண் வீட்டார் வெட்கப்படுகிறான் என்று சந்தோஷப்படுகிறார்கள். பெட்டிக்காரர் மட்டும் அந்த நெளிவை இனம் கண்டு, துண்டை மறைப்பாகப் பிடித்து, குனிந்து, ஒரு பிடி உப்பைப் போட வேண்டிய இடத்தில் போட்டார். கூட்டம் அதையும் ஒரு சாங்கியம் என்று நினைத்துக்கொண்டது. அடுத்த கல்யாணத்தில் ஒரு கிழவி, "மாப்பிள்ளைக்கு இன்னும் உப்புப் போடலியே?" என்று கேட்டாள்.

அடியில் ஒரு பல்செட்டும் கிடந்தது. "இது யாரோடது அண்ணே?" என்றேன். ஏதோ ஒரு சாவு வீட்டில் கிடைத்ததாம், யாரும் கேட்டு வரவில்லையாம். "எவனுக்காவது ஒத்து வரும்" என்று துடைத்து வைத்தார்.

பெட்டி அவரை மாட்டிவிட்டதும் உண்டு. எழுபதுகளில் அரிசிக்குப் பஞ்சம் வந்த காலம். பாண் என்கிற ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை. ஆளுக்கு இரண்டு கொத்துக்கு மேலே அரிசி கொண்டுபோகக் கூடாது என்று ரோட்டில் தடுப்புப் போட்டிருந்தார்கள். கங்காணியார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சோறு வேண்டும். பாணும் பருப்பும் போட்டால் சாதிசனம் காறித் துப்பும். பெட்டிக்காரர் தலவாக்கலையில் தெரிந்த இடத்தில் அரிசி பிடித்து, தேயிலைப் பெட்டியில் கொட்டி, குலுக்கி, மேலே ஒரு விரற்கடைக்குத் தூளைப் பரப்பி, ஈயத்தாள் மூடி, ஆணியடித்து, தோட்டத்தின் பெயரையும் அழகாகக் குத்தி லொறியில் ஏற்றினார். வேலை அவ்வளவு சுத்தம். அதைப் பார்த்துக் கொழும்பில் ஏலமே போட்டிருப்பார்கள்.

தடுப்பில் நின்ற போலிஸ்காரர் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தேயிலை மலையிலிருந்து கீழே போகும். இந்த ஒரு பெட்டி மட்டும் ஏன் கீழேயிருந்து மலைக்குப் போகிறது என்று சிங்களத்தில் கேட்டார். இருபது வருஷம் பெட்டி அடித்த மனுஷருக்கு அது மட்டும் தோன்றவில்லை.

"ரிட்டன், மாத்தயா. கொழும்புல சரியில்லன்னு அனுப்பிட்டாங்க."

போலிஸ்காரர் மூடியை நெம்பி, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அரிசியை அள்ளி அவர் மூக்குக்கு நேரே காட்டினார். இது என்ன தேயிலை என்றார்.

"சுது தே, மாத்தயா" என்றார் இவர். வெள்ளைத் தேயிலையாம்.

லொறியில் கூட இருந்த ஆட்கள் ஓடித் தப்பலாமா என்று பார்த்தார்களாம். போலிஸ்காரர் கையிலிருந்த அரிசியைத் திரும்பப் பெட்டியில் கொட்டிவிட்டு, தடுப்புக் கட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். கல்யாணத்துக்கு அவரும் வந்தார், சாதாரணச் சட்டையில். வெள்ளைத் தேயிலையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொன்று சொன்னால் பாவம் என்பார்கள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மேல் லயத்து வரிசை வீடொன்றில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள், மகள்மார் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கும் முந்திக்கொள்ளும் நம் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் வைத்தார். வைத்த சத்தத்தில் கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். அதற்கு மேலே கோட்டைப் பார்த்தார்.

"டேய், யாரக் கேட்டுடா அதக் கொண்டாந்த?"

"இல்லீங்க, ஒரு ஒத்தாசைக்கு..."

"ஒத்தாசையா? எடுத்துக்கிட்டுப் போடா வெளிய! நான் இப்ப போறதா இல்ல!"

கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்து, இரண்டு மருமகன்களையும் படாத பாடு படுத்திவிட்டுத்தான் போனார். பெட்டிக்காரருக்கு அதில் வெட்கமே இல்லை. "நான் போகாட்டி அவரு போயிருப்பாரு" என்பார். பிறகு டிவிஷனில் யாருக்காவது ரொம்ப முடியவில்லை என்றால், மருந்துக்கு ஆளனுப்பும்போதே அவருக்கும் சொல்லியனுப்புகிற வழக்கம் வந்தது. சிலர் எழுந்து உட்காரவும் செய்தார்கள்.

என் அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "நல்ல காரியத்துக்கு வர்றப்பவே கெட்டத நெனச்சுக்கிட்டு வர்றான், தரித்திரம் புடிச்சவன்" என்று அவர் காதில் விழும்படியே சொல்வாள். ஒரு தடவை அவர் பதில் சொன்னார்.

"கெட்டத நான் நெனச்சுக்கிறேன் சின்னம்மா. நீங்க நிம்மதியா நல்லத நெனைங்க."

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. பெண் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். இரண்டு மாதத்தில் தாய் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. தன் ஆட்களோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். ஊர் நாலு விதமாகப் பேசியது. கோட்டு நாற்றம் தாங்காமல் ஓடிவிட்டாள் என்று நானே ஸ்டோரில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். ஆணியடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தொடர்ந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இனி என் கல்யாணத்தைச் சொல்கிறேன். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்திருந்தன. கப்பலுக்கு நாளும் குறித்தாயிற்று. இந்த நேரத்தில்தான் கொத்மலைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு இந்த நாட்டுப் பிரஜா உரிமை. பதிவுக் கல்யாணம் செய்து, அந்தப் பதிவுத் துண்டைக் குறித்த திங்கட்கிழமைக்குள் அரசாங்கக் கச்சேரியில் கொண்டுபோய்க் காட்டினால் என் பெயரை அப்பாவின் பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்துவிடலாம், நான் இங்கேயே இருக்கலாம் என்றார்கள். காட்டாவிட்டால் நானும் கப்பல்தான். நான்கு மாதமாக எங்கள் காம்பராவில் இதே பேச்சு. அப்பா பேசினார், மாமன்மார் பேசினார்கள், தொழிற்சங்கத்துத் தலைவர் வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசினார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளையை இரண்டு தடவை பார்த்திருந்தேன். இரண்டாம் தடவை அம்மா பதற்றத்தில் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டாள். அந்த மனுஷன் முகம் மாறாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அது நல்ல குணமா, நாக்குச் செத்துப்போனதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கல்யாணம் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. பதிவாளர் யாழ்ப்பாணத்து ஐயா, கடமைக்காரர், நேரம் தவறாதவர். அன்றைக்குப் பின்னேரமே ரயிலேறி ஒரு மாத லீவில் ஊருக்குப் போகிறார். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். சப்பாத்தைப் பந்தலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, பெரிய புத்தகத்தைத் திறந்து, பேனையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டு லொறியைக் காணவில்லை.

அன்றைக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத மூடுபனி. அப்படிப்பட்ட நாளில் எங்கள் பக்கத்து லொறி டிரைவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்ட மாட்டார்கள், லவுட்ஸ்பீக்கர் பாட்டைக் கேட்டுத்தான் ஓட்டுவார்கள். பாட்டு எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே கல்யாண வீடு. அதே நாளில் எதிர்மலைத் தோட்டத்திலும் ஒரு கல்யாணம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் தலவாக்கலையில் ஒரே கடையில்தான் செட் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுடைய குழாய் எங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது.

பத்தரை முகூர்த்தம் போயிற்று. அம்மா மூக்கைச் சிந்தத் தொடங்கினாள். பெட்டிக்காரர் அசையவில்லை. பெட்டியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, "ரெண்டே காலுக்கு இன்னொண்ணு இருக்கு. மொதல்லயே பாத்து வச்சிருக்கேன்" என்றார். உபரி முகூர்த்தம்!

பன்னிரண்டரைக்கு எதிர்மலைத் தோட்டத்துக் காவல்காரர் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"உங்க மாப்பிள்ள எங்ககிட்ட இருக்காருங்க. அனுப்பிவிடவான்னு கேட்டுவரச் சொன்னாங்க."

ஆலாத்தி எடுத்து, சந்தனம் பூசி, மணவறையில் உட்கார்த்தி, இட்டிலியும் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சொந்த மாப்பிள்ளை வந்து இறங்கிய பிறகுதான் ஒருவர் கூடுதலாக இருப்பது தெரிந்ததாம். "ஒங்களுக்குச் சந்தேகமே வரலியா?" என்று நான் பின்னால் கேட்டபோது என் வீட்டுக்காரர், "எல்லாரும் அவ்வளவு நல்லா கவனிச்சாங்க, எதுக்குச் சந்தேகப்படணும்?" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

அவர் திரும்பி ஓடிச் சொல்லி, லொறி ரோடு சுற்றி வர ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். பஸ் ஒரு மணிக்கு. பதிவாளர் புத்தகத்தை மூடினார்.

"நான் என்ன செய்யிறது? மாப்பிள்ளை இல்லாமல் எழுதேலுமே? எனக்கு பஸ்சுக்கு நேரமாகுது." எழுந்து வெளியே போனார். உடனே ஒரு சத்தம் கேட்டது. "இதென்ன கூத்து! என்ர சப்பாத்திலை ஒண்டைக் காணேல்லை!"

டிவிஷனே சப்பாத்துத் தேடக் கிளம்பியது. என்னோடு இருந்த பெண்களும் ஓடிவிட்டார்கள். காம்பராவில் நான் தனியாகப் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். அடுப்பு இருக்கும் குசினிப் பக்கத்துக் கதவு மெல்லத் திறந்தது. பெட்டிக்காரர் வந்து நின்றார். கோட்டின் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். சப்பாத்து எங்கிட்ட இருக்கு."

"அது தெரியுதுண்ணே."

"நீ சொன்னாத்தான் ஒளிச்சு வப்பேன். வேணாம்னு சொல்லு, இப்பவே கண்டுபுடிச்ச மாதிரிக் குடுத்துர்றேன். ஐயா பஸ்ஸப் புடிச்சிருவாரு. நீ அம்மா அப்பாவோட கப்பலேறு. பழி என்மேல வரட்டும், எனக்குப் பழகுனதுதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்ணே இப்பிடிக் கேக்குறீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"எங்க கல்யாணத்துல அந்தப் புள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு. ஓமப் பொகைன்னு நெனச்சேன். முழு நேரமும் பக்கத்துல ஒக்காந்து விசிறிக்கிட்டே இருந்தேன்."

வெளியே பதிவாளர் கத்துவதும் அப்பா கெஞ்சுவதும் கேட்டது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக, எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். யோசிக்கவே பயமாக இருந்தது. பார்த்திராத அந்த ஊரை நினைத்தேன். சீனியில்லாத தேத்தண்ணியை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன், அவளை விட்டு ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டும் அசையாமல் நின்றார்.

"ஒளிச்சு வைங்கண்ணே" என்றேன். "நல்லா ஒளிச்சு வைங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். போய் எல்லாரையும்விட மும்முரமாகத் தேடினார். கூரைமேல் ஆள் ஏற்றினார், நாயைச் சந்தேகப்பட்டார், கோழிக்கூட்டில் கைவிட்டார். பதிவாளருக்கு மாற்றாகப் பெட்டியிலிருந்து ஒரு சோடி ரப்பர் செருப்பு எடுத்துக் கொடுத்தார், இரண்டும் இடது கால். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்துப் போனது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு பதிவாளர் சலித்துப்போய் உட்கார்ந்து, "சோறெண்டாலும் போடுங்கோ" என்றார். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டு லொறியிலேயே அவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவதற்கும் பெட்டிக்காரர் ஏற்பாடு செய்துவிட்டார். ரயில் தவறவில்லை.

அப்பாவும் அம்மாவும் அந்த மாதமே போனார்கள். அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, கடிதத்தில்தான் செத்துப்போனாள். எண்பத்து மூன்று கலவரத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளே ஒளிந்திருந்தபோது, ஏன் அப்படிச் சொன்னோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு சில நாட்களில் நல்லவேளை சொன்னோம் என்றும் இருந்திருக்கிறது. எப்படி இருந்தாலும் சொன்னது நான். மற்றவர்மேல் போட்டு அழ எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார் அந்த மனுஷன்.

லொறி இரண்டு மணிக்கு வந்தது. மாப்பிள்ளை நெற்றியில் இன்னொரு வீட்டு ஆலாத்திச் சிவப்போடு இறங்கினார். உபரி முகூர்த்தத்தில் தாலி ஏறியது. பதிவாளர் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு இந்தக் கலியாணத்துக்கு முழுச் சம்மதம்தானே?"

அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்ட இரண்டாவது ஆள் அவர். சம்மதம் என்றேன். முதலாவது ஆள் பந்தலுக்கு வெளியே குந்தியிருந்து, கோட்டு நுனியால் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.